மாசி மகத்துக்கு மறுநாள்

இங்கேதான் எங்கேயோ. இந்தப் படகுக்கும் அந்தக் கருவாட்டுப் பாய்க்கும் நடுவில்தான். அதைத் தாண்டி நான் போகவில்லை. போயிருந்தால் காலடி இருக்கும் என்று சொல்லலாம், ஆனால் நேற்று மாசி மகத் தீர்த்தவாரிக்கு வந்த ஜனம் மொத்தமும் மிதித்துத் துவைத்துவிட்டுப் போன மணலில் என் காலடி எது, ஊரான் காலடி எது. சரி, காலடி போகட்டும், மெஷின் இருக்கிறது. தொலைந்தது வெள்ளி. மண்ணுக்குள் கிடக்கிற உலோகத்தைக் காதில் வந்து சொல்வதற்குத்தானே இந்த மெஷின். ஊரார் தொலைத்த காசையெல்லாம் மூன்று வருஷமாகத் தோண்டி எடுத்தவளுக்குத் தன் கால் மெட்டியை எடுக்கத் தெரியாதா. தெரியும். நிதானமாக இரு, திலகவதி. இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மெஷின் முனைத் தட்டு மணலை உரசாமல், ஒரு வீச்சின் மேல் பாதியாவது அடுத்த வீச்சு விழுகிற மாதிரி. அவசரப்பட்டால் தட்டு மேலே எழும்பிவிடும், எழும்பினால் அடியில் கிடப்பது வாய் திறக்காது. அவசரம்தான், இல்லையென்று யார் சொன்னது. பாண்டிச்சேரியில் ஆஸ்பத்திரி மாடியில் அவர் படுத்திருக்கிறார். மதியத்துக்குள் நெஞ்சைத் திறக்கப்போகிறார்கள். உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் உன் மூஞ்சியப் பாத்துட்டுப் போறேன் என்று நேற்று சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார், கடைக்குப் போறேன் பையைக் கொடு என்கிற மாதிரி. வீட்டுக்குப் போய்க் குளித்து, மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு, காலையில் பஸ் ஏறி வா என்று அனுப்பி வைத்தவள் மகள் சுகந்தி. கடலூரிலிருந்து பாண்டிக்குக் கொஞ்ச நேரத்துக்கொரு பஸ். அதுதான் வினையே. ஒரே ஒரு பஸ்தான் என்றிருந்தால் இந்நேரம் ஏறி உட்கார்ந்திருப்பேன். அடுத்த பஸ், அடுத்த பஸ் என்று சொல்லிக்கொள்ள முடிவதால்தான் இன்னும் மணலில் நிற்கிறேன்.

காதில் கரகரவென்று ஒரு சத்தம். இரும்பு. ஆணி. விடு. துணிமணிப் பை வாசலில் தயாராக இருந்தது, அதைத் தூக்கியிருக்க வேண்டும், ஆனால் விடியற்காலையில் எழுந்ததிலிருந்து கை நடுங்கிக்கொண்டிருந்தது, காப்பி டம்ளர் கடகடவென்று டபராவில் அடித்துக்கொண்டது, இந்தக் கையோடு அவர் முன்னால் போய் நின்றால் அவர் என்ன நினைப்பார். கொஞ்ச நேரம் மெஷினைப் பிடித்தால் கை நிற்கும். எப்போதும் நிற்கும். அதோடு மாசி மகத்துக்கு மறுநாள் காலை. வருஷத்தில் ஒரே காலை. சுற்றுப்பட்டு ஊர்ச் சாமியெல்லாம் கடலுக்கு வந்து போன மறுநாள் இந்தத் தேவனாம்பட்டினம் கரையில் காசு விளைந்து கிடக்கும், இடுப்பு மடியிலிருந்து, சட்டைப் பையிலிருந்து, அவிழ்ந்த முந்தானை முடிச்சிலிருந்து. ஒரு வருஷமாகக் காத்திருந்த காலை. இதை வாய்விட்டுச் சொன்னால் யாராவது காறித் துப்புவார்கள். புருஷன் ஆபரேஷனுக்குப் படுத்திருக்கிறான், பெண்டாட்டி காசு பொறுக்கப் போனாளாம். காசுக்காகவா போகிறேன். எடுத்த காசெல்லாம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் அப்படியே கிடக்கிறது, கறுத்துப்போய், உப்புப் பூத்து. ஒரு நாளும் எடுத்துச் செலவு செய்ததில்லை. ஒரு காசு மண்ணிலிருந்து வெளியே வருகிறபோது அதை யார் கடைசியாகத் தொட்டார்களோ அவர்கள் கை என் கையில் படுகிற மாதிரி இருக்கும், அதற்காகத்தான். இதை அவரிடம் மட்டும் ஒரு தடவை சொன்னேன். சிரிக்கவில்லை. ஆச்சரியம்தான்.

மெஷின் அவர் வாங்கியது. சர்க்கரை ஆலையில் ஃபோர்மன் வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்ததும் மனுஷனுக்குப் பொழுது போகவில்லை. கொரியர்காரன் நீளமாக ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தபோது ஒட்டடைக் குச்சி வாங்கியிருக்கிறார், பரவாயில்லையே என்று நினைத்தேன். பிரித்தால் ஒரு தடி, அதன் முனையில் வட்டத் தட்டு, காதில் மாட்ட ஹெட்போன். ஒரு மாசம் இந்தக் கரை முழுக்க அளந்தார். மாத்திரை அட்டையும் சிகரெட் பெட்டிக் காகிதமும்தான் கிடைத்தது. நாலு லட்சம் பேர் நடக்கிற கரையில ஒருத்தன்கூடவா ஒரு ரூபாயத் தொலைக்கல என்று மெஷினைப் பரணில் போட்டுவிட்டார். அதை இறக்கி, துடைத்து, காதில் மாட்டினவள் நான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபது வருஷத்துக்கு மேல் காதில் கருவியோடு உட்கார்ந்தவளுக்கு அது பிறந்த வீட்டுக்குப் போன மாதிரி இருந்தது. விஷயம் ஒன்றுமில்லை. மெஷின் செய்தவன் வெளிநாட்டுக்காரன். அவன் ஊரில் இரும்பு என்றால் குப்பை, அதனால் இரும்பு வந்தால் ஊமையாக இரு என்று மெஷினுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறான். நம்முடைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் எல்லாம் எவர்சில்வர் ஜாதி, மெஷினுக்கு அதுவும் இரும்புதான். அவர் ரூபாயின் மேலேயே நடந்து போயிருக்கிறார், மெஷின் வாய் திறக்கவில்லை. நான் அந்த வாய்ப்பூட்டைக் கழற்றினேன். கழற்றினால் ஆணியும் கத்தும், தகரமும் கத்தும், காதுதான் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆணி பிசிறடிக்கும், ரூபாய் உருண்டையாகச் சொல்லும். அவ்வளவுதான். முதல் நாள் ஒரு கை நிறையக் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டேன். பார்த்தார். ‘மெஷினு என்னுது’ என்றார். ‘காது என்னுது’ என்றேன். அன்றிலிருந்து அவர் காப்பி போட்டு வைப்பார், நான் கடலுக்குப் போவேன். அவர் போடும் காப்பி கழுவுத்தண்ணி. குடித்துவிடுவேன்.

இப்போது மெட்டிக்கு வா. சுற்றிச் சுற்றி எங்கே போகிறாய். மெட்டி எப்படித் தொலைந்தது. தட்டை வீசும்போது அது கால்விரலுக்குப் பக்கத்தில் வந்து போகும், வெள்ளி மெட்டி போட்டிருந்தால் ஒவ்வொரு வீச்சுக்கும் கணீரென்று ஒரு சத்தம், காசு கிடைத்துவிட்டது என்று குனிந்தால் என் காலே என்னைப் பார்த்துச் சிரிக்கும். முதல் வாரம் இப்படித்தான் பைத்தியக்காரி மாதிரி என் காலடியை நானே தோண்டினேன். அவரிடம் சொன்னபோது கேலியாக ஒரு சிரிப்பு சிரித்தார், ‘கழட்டி வெச்சிட்டுப் போயேன்’ என்றார். கல்யாணமானவள் மெட்டியை எப்படிக் கழற்றுவது என்றேன். ‘ஏன், என் உயிர உன் கால் வெரல்ல கட்டி வெச்சிருக்குதா? அப்புறம் எனக்கெதுக்கு பிரஷர் மாத்திர, உன் காலையே தெனம் ஒரு தடவ தொட்டுக்குறேன்’ என்றார். கோயிலுக்குப் போனாலும் வாசலில் செருப்பைக் காவல் காக்கிற மனுஷன், வேறு என்ன சொல்வார். அன்றிலிருந்து காலையில் மெட்டியைக் கழற்றிச் சமையல்கட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போவேன், வந்து போட்டுக்கொள்வேன். அவருடைய அக்கா அஞ்சலாட்சி அண்ணி ஒரு தடவை வந்திருந்தபோது என் வெறுங்காலைப் பார்த்துவிட்டு அலறினாள் பார், அக்கம்பக்கம் கூடிவிட்டது. ‘அடிப்பாவி, என் தம்பி உசுரோட இருக்கையில இது என்னாடி கோலம்.’ அண்ணி சும்மா கத்தவில்லை, அழுதாள். நிஜமாகவே அழுதாள். நான்தான் அன்றைக்கு அடக்கமாட்டாமல் சிரித்தேன்.

இன்றைக்குக் கழற்ற மனசு வரவில்லை. அதுதான் தப்பாகப் போயிற்று. எப்போதும் போல அலமாரியில் வைத்திருந்தால் இரண்டும் அங்கே இருக்கும். இன்றைக்கு மட்டும் வேண்டாம், அவர் வீடு வருகிறவரை கழற்ற வேண்டாம் என்று காலோடு வந்தேன். வந்தால் மெஷின் விடுமா. ஒவ்வொரு வீச்சுக்கும் மணி அடித்தது, கை நடுக்கம் நிற்பதற்குப் பதிலாக நெஞ்சு வரை ஏறியது. கடைசியில் இந்தப் படகு ஓரமாக உட்கார்ந்து இரண்டையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகினேன். கழற்றும்போது இடது கால் மெட்டி வரவில்லை, விரல் வீங்கியிருந்தது, எச்சில் தொட்டுத் திருகினேன். அது வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறது, நான்தான் கேட்கவில்லை. என்ன பேச்சு இது. உலோகம் எங்கேயாவது பேசுமா. அதற்கப்புறம் ரூபாய்களாக வந்தன, ஒரு கொலுசுத் திருகாணி வந்தது, கை நின்றுவிட்டது, நல்லவேளை என்று இடுப்பைத் தொட்டால் முடிச்சு அவிழ்ந்து கைக்குட்டை தொங்குகிறது, உள்ளே ஒன்றுதான். வலதுகாலுடையது. இடது இல்லை. இதில் எது நல்லவேளை.

போனால் போகிறது, எந்த வெள்ளிக் கடையிலும் மெட்டி கிடைக்கும். பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே இரண்டு கடை இருக்கிறது. ஆனால் கடை திறக்க நேரமாகும். திறந்தாலும் ஒற்றை மெட்டி எவன் விற்பான், ஜோடியாகத்தான் வாங்க வேண்டும், ஜோடியை யார் போட்டுவிடுவது. நானே வாங்கி நானே போட்டுக்கொள்ளலாமா. அம்மிமேல் காலை வைக்கச் சொல்லி அவர்தான் போட்டுவிட்டார், போடத் தெரியாமல் நெரித்துவிட்டார், விரல் கன்றிப்போய் மூன்றாம் நாள் மறுவீட்டுக்கு நொண்டிக்கொண்டு போனேன். என் அம்மா என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டாள். வேண்டாம், கடை வேண்டாம். ஒற்றைக் காலில் போட்டுக்கொண்டு போய்விடலாம், புடவையை இறக்கிக் கட்டினால் யாருக்குத் தெரியும். அண்ணிக்குத் தெரியும். அவள் முகத்தைப் பார்க்க மாட்டாள், கால்மாட்டில் ஆரம்பித்துத்தான் மேலே வருவாள். தெரிந்தால் என்ன செய்வாள், ஆபரேஷன் வாசலில் ஒப்பாரி வைப்பாளா. வைக்கட்டுமே. அண்ணிக்காகவா தேடுகிறேன். இல்லை. எனக்காகத்தான். எனக்குத்தான் பயம். சொல்லிவிட்டேன், போதுமா. நூறு தடவை கழற்றினேன், ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிச் சொல்லித்தானே போன வாரம் அவர் பாத்ரூம் வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்குக் காலையில் என் காலில் மெட்டி இருந்ததா, இல்லையா. நான் கடலிலிருந்து வந்துவிட்டேனா. வந்து போட்டுக்கொண்டேனா. ஒரு வாரமாக இதே கேள்வி. ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. டாக்டர் படம் வரைந்து காட்டினார், மூன்று குழாயில் அடைப்பு, பத்து இருபது வருஷமாகப் படிந்தது என்று தெளிவாகச் சொன்னார். தலை ஆட்டினேன். தலைதான் ஆடியது.

‘என்னா மெஷினம்மா, செக்குமாடாட்டம் அங்கயே சுத்துற?’ பச்சையம்மா. கருவாட்டுப் பாயில் நெத்திலியைப் பரப்புகிறாள். வாயசைவைப் பார்த்து ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளினேன். மூன்று வருஷமாக அவளுக்கு நான் மெஷினம்மாதான், ஊரில் பாதிப் பேருக்குப் போலீசில் வெடிகுண்டு தேடுகிற பெண்பிள்ளை.

‘ஒரு மெட்டி வுழுந்துடுச்சி, பச்சையம்மா.’

‘கால்ல கெடந்தது எப்டி வுழும்?’

‘கழட்டி வெச்சிருந்தேன்.’

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் காலில் மெட்டி கிடையாது. அவள் வீட்டுக்காரன் கடலுக்குப் போனவன், வரவில்லை, அதெல்லாம் எப்போதோ நடந்தது. ‘போட்டுக்குறதுக்கு ஆளு இருக்கச்சே எதுக்கும்மா கழட்டுற’ என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு அவளே, ‘தண்ணியில வுழுந்தாதான் போச்சி. மணல்ல வுழுந்தது எங்க போயிடும், இங்கதான் கெடக்கும், பாரு. வூட்டுக்காரரு எப்டி இருக்காரு? ஒரு வாரமா ஆளக் காணமே?’ என்றாள். ‘நல்லா இருக்காரு’ என்றேன். ஹெட்போனை மறுபடி இழுத்து மூடிக்கொண்டேன். ஏன் அப்படிச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று சொன்னால் அவள் இரண்டு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருப்பாள், அதைத் தாங்கியிருக்க மாட்டேன், அதுவும் அவள் வாயால். நல்லா இருக்காரு. இந்த நிமிஷம் நல்லாத்தானே இருக்கிறார், பொய்யா அது.

கணீர்.

நின்றேன். திரும்ப வீசினேன், கணீர். குறுக்கே வீசினேன், கணீர். வெள்ளி. ஆணியும் இல்லை, ரூபாயும் இல்லை, சந்தேகமே இல்லாத வெள்ளி. அப்படியே மண்டியிட்டேன். கரண்டியால் ஒரு அள்ளு அள்ளி மணலைக் கையால் கலைத்தேன், இல்லை, குழியில்தான் இருக்கிறது, இன்னொரு அள்ளு. ஆண்டவனே, அவருக்காவது நம்பிக்கை இல்லை, எனக்கு உண்டு, கொடு. இன்னொரு அள்ளு. இவ்வளவு ஆழத்துக்கு எப்படிப் போகும், காலையில் விழுந்தது மேலேதானே கிடக்க வேண்டும் என்று புத்தி சொல்லிக்கொண்டிருந்தது, கை கேட்கவில்லை. விரலில் பட்டது. எடுத்தேன். மெட்டிதான். ஆனால் ஒன்றில்லை, இரண்டு. தேய்ந்து தேய்ந்து கம்பியாகிப் போனவை, இரண்டும் சேர்த்து ஒரு மஞ்சள் கயிற்றில் கட்டியிருந்தது, கயிறு அழுகி, முடிச்சு மட்டும் அப்படியே. பார்த்துக்கொண்டே இருந்தேன். தொலைத்தவள் எவளும் ஜோடியாகக் கட்டித் தொலைக்க மாட்டாள். தெற்கே கொஞ்சம் தள்ளித்தான் கருமாதி செய்கிற இடம். பத்தாம் நாள் விடியற்காலையில் புருஷன் செத்தவளைப் பூவும் வளையலும் போட்டு அழைத்து வந்து, இங்கே வைத்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அனுப்புவார்கள். சிலர் இதைக் கடலில் போட்டுவிடுவார்கள். கடல் திருப்பிக் கொண்டுவந்து போட்டிருக்கிறது. யாருடைய காலோ. பெரிய விரல், என்னைவிடப் பெரிய பாதம், வேலை செய்த பாதம். மெட்டியின் உள்பக்கம் வழவழவென்று இருந்தது, அவ்வளவு வருஷம் போட்டிருந்திருக்கிறாள். உள்ளங்கை சுட்டது என்று சொன்னால் யாரும் நம்ப வேண்டாம், எனக்குச் சுட்டது. தூக்கிக் கடலில் எறி என்றது ஒரு மனசு. எறிந்தால் மறுபடி வரும் என்றது இன்னொன்று. குழியிலேயே வைத்தேன். மண்ணைத் தள்ளி மூடினேன். மேலே கையால் தட்டிக்கொடுத்தேன், குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி, ஏன் அப்படிச் செய்தேனோ. இதுதான் சகுனமா. எதற்குச் சகுனம். பகுத்தறிவு பேசுகிறவரின் பெண்டாட்டி, பென்ஷன் வாங்குகிறவள், இரண்டு மெட்டியைப் பார்த்து மூத்திரம் வருகிற அளவுக்குப் பயப்படுகிறாளே. பஸ்ஸுக்குப் போ. போ திலகவதி. மெட்டியை விட்டுத் தொலை, மூஞ்சியைப் பார்க்க வேண்டும் என்று சொன்னவர் அங்கே இருக்கிறார், கால்விரலைக் கேட்கவில்லை. தெரிகிறது. ஆனால் இதைப் பார்த்த பிறகு வெறுங்காலோடு எப்படிப் போவேன். பத்தாம் நாள்காரி மாதிரி அவர் முன்னால் போய் நிற்கவா. கிடைத்துவிட்டால் ஓடிவிடுவேன். இதோ, இந்த ஒரு வரிசை. படகிலிருந்து அந்தக் கருவாட்டுப் பாய் வரைக்கும் ஒரே ஒரு வரிசை.

வெயில் ஏறிவிட்டது. கண்ணாடியில் வியர்வை. அலை ஓரமாகப் போனால் உப்புத் தண்ணீருக்கு மெஷின் முணுமுணுக்கும், அதில் மெட்டி பேசினாலும் கேட்காது, அங்கே போனேனா காலையில், ஒரு தடவை போனேன், கால் நனைத்தேன், அப்போது விழுந்திருக்குமோ. பச்சையம்மா சொன்னாளே, தண்ணியில வுழுந்தாதான் போச்சி. அலை வாங்கிக்கொண்டு போன ஈர மணலில் தட்டை இன்னும் தாழ்த்தினேன். முணுமுணுப்பு. முணுமுணுப்பு. இந்த மாதிரிதான் ட்ரங்க் லைனில் இரைச்சலாக வரும், ஹலோ, டெல்லி, கடலூர் பேசுறேன், ஹலோ டெல்லி, இரைச்சலுக்குப் பின்னால் யாரோ ஒருத்தி என்னை மாதிரியே கத்திக்கொண்டிருப்பாள், காதை இடுக்கிக்கொண்டு அவளைப் பிடிக்க வேண்டும். அப்படித்தான் இதைப் பிடித்தேன். முணுமுணுப்புக்குப் பின்னால் ஒன்று. மெல்லிசு. வெள்ளி அளவுக்குக் கணீரென்று இல்லை, ஆனால் உருண்டை, பிசிறே இல்லாத உருண்டை. செம்பு. செம்பு எனக்கெதற்கு, நான் தேடுவது வெள்ளி, நேரமில்லை, நட. நடக்கவில்லை. ஒரு சிக்னலைக் காதில் வாங்கிவிட்டுத் தோண்டாமல் போக என்னால் முடியாது, இது வியாதி, வேறு பெயர் கிடையாது. தோண்டினேன், குழியில் தண்ணீர் ஊறியது, சரிந்தது, மறுபடி தோண்டினேன், முழங்கை வரை போய் விரலால் துழாவி எடுத்தேன். பச்சைப் பாசி பிடித்த சின்னக் காசு, ஓரம் கொஞ்சம் கடித்துப்போய். முந்தானையில் துடைத்தேன். எழுத்து தெரிந்தது, மூன்று எழுத்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் பின்னிக்கொண்டு. டச்சுக் கம்பெனியின் முத்திரை. டச்சுக்காரன் காசு. இந்தக் கரையில் இங்கிலீஷ்காரனுக்கு முன்னால் கடை போட்டவன் காசு. எத்தனை நூறு வருஷமாகத் தண்ணீருக்குள் கிடந்துவிட்டு இன்றைக்கு என் கையில். ‘ஏங்க’ என்று கூப்பிட்டேன். வாய்விட்டே கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பார்த்தேன், வீட்டு வாசலில் காப்பி டம்ளரோடு நிற்கிற மனுஷனைக் கூப்பிடுகிற மாதிரி. படகுதான் நின்றது. அப்போதுதான் உறைத்தது. இந்தக் காசைத் தோண்டி எடுத்துத் துடைத்து எழுத்தைப் படிக்கிற வரைக்கும் நான் அவரை மறந்திருக்கிறேன். மெட்டியை மறந்திருக்கிறேன், ஆஸ்பத்திரியை, நெஞ்சைத் திறப்பதை, எல்லாவற்றையும். சந்தோஷமாக இருந்திருக்கிறேன். என்ன பொம்பளை நான். இதைக் காட்டினால் கண்ணை விரிக்கிற ஆள் உலகத்திலேயே ஒருத்தர்தான், அவர் இல்லாவிட்டால் இது வெறும் செம்பு, ஹார்லிக்ஸ் பாட்டிலில் இன்னொரு சத்தம். அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டேன். கண்ணைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்றினேன், கண்ணாடிக் காம்பு இடித்ததால் ஹெட்போனையும் கழற்றிக் கழுத்தில் போட்டேன்.

போன் அடித்துக்கொண்டிருந்தது. தோள்பைக்குள்ளே, எவ்வளவு நேரமாகவோ. காதை மூடிக்கொண்டு மண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு இது எங்கே கேட்கும். ஈரக் கையால் எடுத்தேன், சுகந்தி, சுகந்தி, சுகந்தி என்று வரிசையாக அவள் பெயர், எடுக்காத அழைப்புகள், நடுவில் மருமகன் நம்பர், கடைசியில் அண்ணி நம்பர். அண்ணி என்னைப் போனில் கூப்பிடவே மாட்டாள். மணலில் உட்கார்ந்துவிட்டேன். முடிந்தது. நான் காசு பொறுக்கிக்கொண்டிருந்தபோது முடிந்துவிட்டது. போன் மறுபடி அடித்தது, காதில் வைத்தேன்.

‘அம்மா! எத்தினி தடவம்மா கூப்புடுறது? எங்கம்மா இருக்க நீ?’ சுகந்தி கத்தினாள், அழுகையும் கோபமுமாக.

‘அப்பாவுக்கு என்னாடி?’

‘அப்பாவுக்கு ஒண்ணுமில்லம்மா! நீதான்! சீக்கிரமாவே உள்ள எடுத்துக்குறோம்னு வந்துட்டாங்க. தியேட்டர் வாசல் வரைக்கும் வந்துட்டு, கதவுக் கம்பியப் புடிச்சிக்கிட்டு வுடமாட்டேங்குறாரு. அவளுக்கு என்னமோ ஆயிடுச்சி, எங்கிட்ட மறைக்கிறீங்கன்னு சின்னப் புள்ளையாட்டம் அடம் புடிக்கிறாரும்மா. பிரஷர் ஏறுதுன்னு டாக்டர் திட்டுறாரு. நீ பேசு. பேசுனாத்தான் உள்ள போவாரு.’

போன் கை மாறியது. மூச்சு கேட்டது முதலில். பெரிய மூச்சு.

‘திலகம்?’

‘இருக்கேங்க.’

‘இருக்கியா?’

‘இருக்கேன், இருக்கேன்.’ எழுந்து நின்றேன். ‘இதோ, கீழ வந்துட்டேன். லிப்டுக்கு நிக்கிறேன்.’

‘பொய் சொல்லாத. அலை கேக்குது.’

பிறகு தணிந்த குரலில், பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக் கேட்கக் கூடாது என்கிற மாதிரி, ‘காலையில அந்த நர்சு பொண்ணு கத்திரிய எடுத்துட்டு வந்து என் அரணாக்கயித்த அறுத்துடுச்சி, திலகம். உடம்புல ஒண்ணும் இருக்கக் கூடாதாம். சரி அறுத்துக்கன்னு சிரிச்சேன். அப்புறம் உன்னக் கூப்புட்டா நீ எடுக்கல. திரும்பக் கூப்புட்டா திரும்ப எடுக்கல’ என்றார்.

அதற்கு மேல் சொல்ல வேண்டியதும் இல்லை. எங்கள் பக்கம் ஆம்பளைக்கு அரணாக்கயிற்றை அறுப்பது பெண்டாட்டி செத்தால்தான். மச்சான்காரன் வந்து நின்று அறுத்துவிடுவான், அன்றோடு அந்த ஆம்பளை பெண்டாட்டி இல்லாதவன். கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்கிறவர், என் உயிர உன் கால்விரல்ல கட்டியிருக்கா என்று கேட்டவர், இடுப்பில் ஒரு கறுப்புக் கயிறு இல்லை என்று இத்தனை நேரமாக நான் செத்துவிட்டதாகப் பயந்து ஆபரேஷன் வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு மாதிரி கிளம்பி வேறு ஏதோவாக வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் பயந்து நான் பார்த்ததில்லை.

‘எனக்கு ஒண்ணும் ஆவலைங்க’ என்றேன். ‘மெட்டிதான் ஒண்ணு தொலஞ்சிடுச்சி. அதான் தேடிக்கிட்டே இருந்துட்டேன்.’

‘கால் இருக்குதுல்ல?’

‘இருக்குது.’

‘அப்ப வா.’ யாரோ பக்கத்தில் சார், சார் என்று அவசரப்படுத்தினார்கள். இருங்க ஒரு நிமிஷம் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, ‘வேற என்னா கெடச்சிது?’ என்றார். பழைய குரல் கொஞ்சம் வந்திருந்தது.

கையைத் திறந்து பார்த்தேன். ‘டச்சுக்காரன் காசு’ என்றேன்.

‘நெசமாவா?’

‘மூணு எழுத்தும் தெரியுது.’

மறுபடி அந்தப் பெரிய மூச்சு, ஆனால் இந்தத் தடவை மெதுவாக இறங்கியது.

‘தேச்சிக் கீச்சி வெச்சிடாத’ என்றார். ‘அப்டியே வெய்யி. வந்து பாக்குறேன்.’

போன் சுகந்தியின் கைக்குப் போகவில்லை, அவர் தலையணைப் பக்கமே விட்டிருக்க வேண்டும், கம்பியிலிருந்து கை எடுக்கிற சத்தம் கேட்டது, ஸ்ட்ரெச்சர் சக்கரம் உருண்டது. நான் மெஷினை ஒரு கையில் தூக்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தேன், போன் காதிலேயே இருந்தது. கதவு மூடுகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே நடந்தேன்.